ஜெனரல் கிராண்டும் முகமூடிக் கூட்டமும்

ஒரு நாட்டிலே ஒரு வகுப்பார் மற்றொரு வகுப்பாரைப் பகைத்து, இரவிற் கூடி, வீட்டைக் கொளுத்தி, ஆளை இழுத்து அடித்துக் கொல்லத் தலைப்பட்டால், அந் நாட்டை ஆள்கின்றவர் யாது செய்தல் வேண்டும்? நம் பக்கத்தில் கலகம் நிகழ்ந்த ஊர்களுக்குப் பெரியோர் சென்று, இரு திறத்தாரும் பொறுத்துப் போக வேண்டுமெனப் பொதுவாய்ச் சொல்லித் திரும்புதல் வழக்கமாயிருக்கிறது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்தும் அச் சொல்லினால் அடிபட்டவனுக்கு விளையும் பயன் இன்னதென்பதை நேயர்கள் அறிவார்கள். இக் கேள்விக்கு நீதி நூல்களில் விடை தேடுவதினும், அத்தகைய நிலைமையில் அகப்பட்ட ஓர் ஆளுகைத் தலைவரின் சரித்திரத்தைப் பார்ப்பது நலமென்று கருதி, 1869 முதல் 1877 வரையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிரஸிடெண்டாயிருந்த யுலிஸஸ் கிராண்டு என்பவரின் வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுகின்றோம். இவர் குற்றமற்ற மகாத்துமா அல்லர். பகைமையை அடக்கப் பாடுபட்ட இவரே ஒருமுறை பகைமையான கட்டளையொன்றிற் கையொப்பமிட்டவர். அடக்கத் தொடங்கிய காரியத்தை முடிவு வரை நடத்தினவருமல்லர். ஆயினும் அவர் நிமிர்ந்து நின்ற காலத்தில் நிகழ்ந்ததும், தளர்ந்த காலத்தில் நிகழ்ந்ததும் அருகருகே காணக் கிடைப்பதால் இச் சரித்திரம் ஆராயத் தக்கதாகின்றது.

கிராண்டு 1822-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ந் தேதி ஒஹையோ மாகாணத்தில் பாயிண்ட் பிளஸண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜெஸ்ஸி கிராண்டு தோல் பதனிடுந் தொழிலினர். நம் நாட்டில் அத் தொழிலைச் செய்வாரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த கொடுமையை நினைக்குங்கால், தோல் ஷாப்புக்காரர் ஒருவருடைய மைந்தர் சேனாதிபதியாகவும் நாட்டுத் தலைவராகவும் வந்தது நமக்குச் சிறிது வியப்பாகவே தோன்றும். பையனுக்கோ பதனிடும் தொட்டியின் நாற்றம் பிடிக்கவில்லை, குதிரைகளே பிடித்திருந்தன. தகப்பனார் அவரை வெஸ்ட் பாயிண்டிலுள்ள ராணுவக் கலாசாலைக்கு அனுப்பினார். அவருடைய முதற்பெயர் ஹைரம் யுலிஸஸ் என்பது. கலாசாலைக்குச் சிபாரிசு செய்த சட்டசபை அங்கத்தினர் பெயரைத் தவறாக எழுதிவிட, அத் தவறான பெயரே நிலைத்துவிட்டது. 1843-ல் 39 மாணவர்களுள் 21-வதாகத் தேறி வெளிவந்தார். மெக்ஸிகோ யுத்தத்தில் உழைத்தார். வலிய நாடு எளிய நாட்டின் மேல் தொடுத்த அநியாய யுத்தம் அதுவென்று பிற்காலத்தில் தாமே எழுதினார்.

1848-ல் அவர் மணந்த ஜூலியா டெண்டு அம்மையாரின் தந்தை அடிமைகளை வைத்துப் பயிரிட்டவர். ஜெஸ்ஸி கிராண்டோ அடிமை வழக்கத்தை வெறுத்தவர். இவ்விரு குடும்பங்களுக்கும் இடையே கிராண்டு பல வருஷம் திண்டாடினார். தொலைவிலுள்ள முகாம்களிற் குடும்பத்தைப் பிரிந்திருந்த காலத்திற் குடிப்பழக்கம் பற்றிக் கொண்டதென்பர். 1854-ல் உத்தியோகத்தை விட்டார். மாமனார் நிலத்திற் பயிர் செய்து தோற்று, ஸெயிண்ட் லூயி நகரத் தெருக்களில் விறகு விற்றார். அவ் வறுமைக் காலத்தில் அவர் வசம் வில்லியம் ஜோன்ஸ் என்னும் ஓர் அடிமை இருந்தார். அந்நாளில் ஓர் அடிமையை விற்றால் பல நூறு டாலர் கிடைக்கும். கிராண்டு 1859-ல் நியாயஸ்தலத்திற் பத்திரம் எழுதி அவரை விடுதலை செய்தார். விலை பெறவில்லை. அதன் பின் தகப்பனாரின் தோற் கடையிலே தம்பிமாரோடு வேலைக்கமர்ந்தார்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை வழக்கத்தை விடமாட்டோமென்று தென் மாகாணங்கள் பிரிந்து போயின. தோற் கடையிலிருந்து எழுந்துவந்த கிராண்டு மூன்று வருஷத்துக்குள் வட மாகாணச் சேனைகள் அனைத்திற்கும் தலைவரானார். டானல்ஸன் கோட்டையையும், 1863 ஜூலை 4-ல் விக்ஸ்பர்க் நகரத்தையும், இறுதியாக 1865 ஏப்ரல் 9-ல் ராபர்ட் லீயின் சேனையையும் அடிபணியச் செய்த விதத்தை யுத்த சரித்திரம் படிப்போர் அறிவர். நம் விஷயத்துக்கு அவை வேண்டுவனவல்ல. வேண்டுவது 1862 டிசம்பரில் நிகழ்ந்த ஒன்று.

அக்காலத்தில் டென்னஸி, மிஸிஸிப்பி முதலிய இடங்களில் பருத்தியைக் கள்ளத்தனமாய் வாங்கி விற்போர் பலர் சேனையைச் சூழ்ந்திருந்தனர். அவர்களுள் எல்லா மதத்தாரும் இருந்தனர். யூதர்களும் சிலர் இருந்தனர். கிராண்டு கோபங்கொண்டு, டிசம்பர் 17-ந் தேதி, தம் அதிகாரத்துக்குட்பட்ட பிரதேசத்திலிருந்து யூத வகுப்பார் அனைவரும் 24 மணி நேரத்தில் வெளியேறவேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். குற்றஞ் செய்தவரைச் சுட்டாமல் வகுப்பைச் சுட்டிய கட்டளை. கென்டக்கியிலுள்ள பெடூகா நகரத்தில் சுமார் முப்பது குடும்பத்தார் கிழவர் குழந்தைகளோடு மூட்டை கட்ட நேர்ந்தது. அவர்களுள் ஸீஸர் காஸ்கல் என்னும் வர்த்தகர் வாஷிங்டனுக்கு விரைந்து சென்று 1863 ஜனவரி 3-ல் பிரஸிடெண்டு லிங்கனைக் கண்டு முறையிட்டார். லிங்கன் அக்கணமே கட்டளையை ரத்துச் செய்வித்தார். ஒரு வகுப்பில் சிலர் தவறியதற்காக வகுப்பு முழுவதையும் தண்டித்தல் கூடாதென்பது லிங்கனுடைய கருத்து.

இக் கறையைக் கிராண்டு மறக்கவில்லை. பிறரும் மறக்க விடவில்லை. 1868-ல் அவர் பிரஸிடெண்டு பதவிக்கு நின்ற போது யூதர்கள் இதனைக் கேட்டனர். அவர் அக் கட்டளையைச் சமாதானஞ் சொல்லிக் காக்க முயலாமல், ஆராயாது எழுதிய பிழையென ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் செயலாலன்றிக் கடிதத்தால் என்ன பயன்? ருமேனியாவில் யூதர்கள் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது, 1870-ல் பெஞ்சமின் பெயிக்ஸோட்டோ என்னும் யூதரையே அந்நாட்டுக்கு அமெரிக்கத் தானாதிபதியாக அனுப்பினார். 1876-ல் வாஷிங்டனில் யூத ஆலயமொன்று திறக்கப்பட்ட பொழுது தாமே சென்று சடங்கு முடியுமட்டும் அமர்ந்திருந்தார். தாம் இழைத்த தீங்கை இவ்வளவு வெளிப்படையாகத் திருத்திக் கொண்ட தலைவர்கள் மிகச் சிலரே.

இனி முகமூடிக் கூட்டத்துக்கு வருவோம். யுத்தம் முடிந்ததும் சுமார் நாற்பது லட்சம் கறுப்பு மக்கள் விடுதலை பெற்றனர். 1865 டிசம்பரில் அரசியற் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் 14-வது திருத்தம் அவர்களைப் பிரஜைகளாக்கியது. 1870-ல் 15-வது திருத்தம் நிறத்தின் பேரால் வோட்டுரிமையை மறுத்தலாகாதென்றது. அத் திருத்தம் நிறைவேறியபொழுது பிரஸிடெண்டு செய்தி விடுப்பது வழக்கமன்றாயினும், கிராண்டு மார்ச்சு 30-ல் விசேஷச் செய்தி விடுத்து, நாடு தோன்றிய நாள்முதல் நிகழ்ந்தவற்றுள் இதுவே பெரிதென்னும் கருத்தை வெளியிட்டார். நேற்று வரை சந்தையில் விற்கப்பட்டவர்கள் இன்று வோட்டுப் போட்டு, சட்டசபையில் அமர்ந்து, பள்ளிக்கூடம் கட்டினர். தென் கரோலினாவிலும் மிஸிஸிப்பியிலும் தொகையில் அவர்களே மிகுதி.

இதனைப் பொறாத வெள்ளையர் பலர். டென்னஸியில் புலாஸ்கி என்னும் ஊரில் தோல்வியுற்ற சேனையின் வாலிபர் ஆறு பேர் யுத்தம் முடிந்த சில மாதங்களில் விளையாட்டுப் போலத் தொடங்கிய சங்கமொன்று, கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் பெயரோடு மாகாணந்தோறும் பரவியது. அங்கியும் முகமூடியும் அணிந்து, போரில் இறந்தவர்களின் ஆவிகள் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, நள்ளிரவில் குதிரைமேல் வருவர். வோட்டுப் போட்டவன், நிலம் வாங்கியவன், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், கறுப்பு மக்களுக்கு உதவிய வெள்ளையர், இவர்களே அவர்களுடைய இலக்கு. ஆவி என்பதைக் கறுப்பு மக்கள் நம்பினரோ இல்லையோ, சவுக்கையும் துப்பாக்கியையும் நம்பாதிருத்தல் இயலாது. முகமூடியின் பயன் பேய்க்கோலமன்று; காலையில் அதே மனிதர் நியாயஸ்தலத்தில் ஜூரியாகவும், போலீஸ் தலைவராகவும், வைத்தியராகவும் அமர்ந்திருப்பதற்கே அது வேண்டியிருந்தது.

தென் கரோலினாவில் யார்க் என்னும் ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். கறுப்பு மக்களின் காவற் படைக்குத் தலைவரான ஜிம் வில்லியம்ஸ் என்பவரை 1871 மார்ச்சு மாதத்து ஓரிரவில் வீட்டினின்றும் இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டனர். இலையாஸ் ஹில் என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார். இளமையிலேயே கைகால் முடங்கி நடக்கவியலாதவர். பள்ளிப் பிள்ளைகளை அண்டி எழுத்தறிந்து, பிறருக்கும் கற்பித்தவர். அவ்வருஷம் மே மாதத்தில் முகமூடியினர் அந்த முடவரையும் முற்றத்தில் இழுத்துப் போட்டுச் சவுக்காலடித்தனர். அவர் பின்பு காங்கிரஸ் சபையார் நியமித்த விசாரணைக் கமிட்டியின் முன் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, அவ்வாண்டின் இறுதியில் தம்மைச் சேர்ந்த குடும்பங்களுடன் கப்பலேறி ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்குப் போய்விட்டார். பிறந்த மண்ணிலே அச்சமின்றி உறங்கலாமென்னும் நம்பிக்கை அவருக்கு இல்லை.

அங்கே அனுப்பப்பட்ட படைத் தலைவர் மேஜர் லூயிஸ் மெரில் முதலில் இச் செய்திகளை மிகைப்படுத்தியவை என்றே எண்ணி வந்தார். சில வாரம் விசாரித்ததும் எண்ணம் மாறிற்று. அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் பதினொரு கொலைகளையும் பல நூறு சவுக்கடி வழக்குகளையும் அவர் கணக்கெடுத்தார். ஆனால் உள்ளூர் நியாயஸ்தலத்தில் எவரும் தண்டிக்கப்படவில்லை. சாட்சி சொல்லத் துணிவாரில்லை. சொன்னாலும் ஜூரிகளுள் கூட்டத்தார் அமர்ந்திருந்தனர்.

தலைவரானவர் செய்யக்கூடியவை இங்கே பலவாறாயிருந்தன. இவை மாகாணத்தின் காரியம், மத்திய சர்க்காருக்கு அதிகாரமில்லையெனச் சொல்லி ஒதுங்கலாம். சட்ட நூலின்படி அதுவே வழக்கமாயிருந்தது. வருத்தந் தெரிவித்து அறிக்கை விடலாம். யுத்தம் முடிந்து ஆறு வருஷமாயிற்று, பழம்புண்ணைக் கிளறலாகாதென்றும் சொல்லலாம். அவ்வாறு சொல்லுமாறு கிராண்டைத் தூண்டியோர் அவருடைய கட்சியிலும் இருந்தனர். மற்றொரு இடுக்கண்ணும் உண்டு: அவர் சேனாதிபதியாயிருந்து பதவிக்கு வந்தவர். ராணுவத்தை ஏவினால், வாளால் நாட்டை ஆளுகிறாரென்னும் பழி உடனே எழும். லீயின் சேனை அடிபணிந்தபோது தோற்ற சிப்பாய்கள் குதிரைகளோடு வீடு திரும்ப இடங்கொடுத்து, பசித்த அவர்களுக்கு உணவும் அளித்தவர் கிராண்டு. பின் லீயின்மேல் ராஜத்துரோக வழக்குத் தொடர முயன்றபோது, அப்படிச் செய்தால் தம் பதவியை விட்டுவிடுவதாகச் சொல்லித் தடுத்தவரும் அவரே. தென்னாட்டாரைப் பகைத்தவரென்று அவரைச் சொல்லுதற்கு இடமில்லை. அத்தகையவர் இப்பொழுது அவர்கள்மேல் மறுபடியும் படையேவ வேண்டியிருந்தது.

1871 மார்ச்சு 23-ந் தேதி கிராண்டு மந்திரிமாருடன் காங்கிரஸ் மண்டபத்துக்கே நேரிற் சென்றார். அங்கிருந்த தலைவர்களோடு பேசியபின், அவ்விடத்திலேயே உட்கார்ந்து சிறு செய்தியொன்றை எழுதிக் கொடுத்தார். உயிருக்கும் சொத்துக்கும் காப்பில்லாத நிலை சில மாகாணங்களில் உண்டென்றும், அதனை அடக்கும் சக்தி மாகாண அதிகாரிகளுக்கு இல்லையென்றும், தமக்குள்ள அதிகாரம் போதுமா என்பது ஐயமாதலின் சட்டம் வேண்டுமென்றும் அதில் இருந்தது. அலங்காரமான வாக்கியம் ஒன்றுமில்லை. அவர் பேச்சில் வல்லவரல்லர். கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை சொல்லவே கூசுவார். லிங்கனைப் போல நெஞ்சையுருக்கும் சொற்பொழிவு அவரிடம் எதிர்பார்க்கவியலாது. ஆனால் ஏப்ரல் 20-ல் சட்டம் கையொப்பமாயிற்று. வேடம் பூண்டு கூடிச் சதிசெய்து ஒருவனுடைய உரிமையைப் பறித்தல் மத்திய சர்க்காரின் நியாயஸ்தலத்தில் விசாரிக்கத்தக்க குற்றமாயிற்று. மாகாணத்தார் அடக்கத் தவறினால் பிரஸிடெண்டு படையை ஏவலாம். காவலிலுள்ளவனை நியாயாதிபதி முன் கொணரும்படி கேட்கும் ஹேபியஸ் கார்ப்பஸ் என்னும் உரிமையையும் குறித்த இடங்களில் நிறுத்தி வைக்கலாம்.

இந்த இறுதிப் பகுதி அபாயகரமானதென்பதை மறைப்பதிற் பயனில்லை. ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமையை நிறுத்துதல் எளியாரைக் காக்கவும் உதவும், எளியாரை நசுக்கவும் உதவும். நம் நாட்டில் விசாரணையின்றிச் சிறையிலிருந்தோரின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிராண்டு அதனைக் கையாண்ட முறையை நோக்குதல் நன்று. சட்டங் கிடைத்தவுடன் அவர் பாயவில்லை. மே 3-ல் பிரகடனம் வெளியிட்டு, தென்னாட்டார் தாமே இக் கூட்டத்தை அடக்கிக் கொள்ளுதல் நலமென்றும், தவறினால் தம் அதிகாரத்தைச் செலுத்தப் பின்வாங்குவதில்லையென்றும் தெரிவித்தார். ஐந்து மாதம் காத்திருந்தார். அடங்கவில்லை. அக்டோபர் 12-ல் தென் கரோலினாவிலே ஒன்பது ஜில்லாக்களைப் பெயர் குறிப்பிட்டு, ஐந்து நாளில் கூட்டத்தார் ஆயுதங்களையும் வேடங்களையும் ஒப்படைத்துக் கலைய வேண்டுமென்றார். 17-ல் அவ்வொன்பது ஜில்லாக்களில் மட்டும் உரிமையை நிறுத்தினார். அவற்றுள் மாரியன் என்னும் ஜில்லா தவறாகச் சேர்ந்துவிட்டதென்று தெரிந்ததும், அதனை நீக்கி யூனியன் என்னும் ஜில்லாவைச் சேர்த்து மறு பிரகடனம் வந்தது. ஊரும் நாளும் குறித்துச் சொல்லிய சொல்லாதலின், பிழையும் கண்ணுக்குத் தெரிந்தது, திருத்தவும் முடிந்தது.

இக் காரியத்தில் அவருக்கு வலக்கையாயிருந்தவர் அமோஸ் அக்கர்மன். நீதி இலாகா என்னும் புதிய இலாகா 1870 ஜூலையில் ஏற்பட்டபோது அதன் தலைவரானவர் இவர். வடக்கே பிறந்து ஜார்ஜியாவிற் குடியேறி, அடிமைகளையும் வைத்திருந்து, தென்னாட்டுச் சேனையிலும் உழைத்தவர். யுத்தத்தின் முடிவைத் தலையாலேற்று, சட்டம் எல்லாருக்கும் ஒன்றென்னும் கொள்கைக்கு வந்தார். அவ்வருஷம் இலையுதிர் காலத்தில் தாமே தென் கரோலினாவுக்குச் சென்று மெரிலோடு சேர்ந்து சாட்சியங்களைத் திரட்டினார். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். பெரிய மனிதர்கள் பலர் இரவோடிரவாக மாகாணத்தைவிட்டு ஓடினர். எஞ்சியோர் தாமாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கச்சேரி வாயிலில் வரிசையாய் நின்றனர். கொலம்பியா நகரத்தில் நவம்பரில் தொடங்கிய விசாரணையிலே ஜூரிகளுட் பெரும்பாலார் கறுப்பு மக்கள். சவுக்கடிபட்டவர்கள் கூண்டிலேறிச் சாட்சி சொன்னார்கள். அடித்தவர்கள் தலைகுனிந்து கேட்டார்கள். தண்டனை பெற்றோர் நியூயார்க்கு மாகாணத்துச் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

சில மாதத்தில் கூட்டம் சிதறியது. 1872-ம் வருஷத் தேர்தல், யுத்தத்துக்குப் பின் தென்னாட்டில் நடந்த தேர்தல்களுள் மிகவும் அமைதியானதென்று சரித்திரக்காரர் கூறுவர். அதில் கிராண்டு மறுபடியும் வெற்றி பெற்றார். இதிலே கட்சி நலமும் கலந்திருந்ததென்று சொல்வோர் உண்டு. கறுப்பு மக்களின் வோட்டு அவர் கட்சிக்கே விழுந்ததாகையால் அஃது உண்மையே. அதனால் காக்கப்பட்ட உயிரின் மதிப்புக் குறைந்துவிடாது.

ஆனால் வெற்றி பழுக்குமுன்னரே வேரில் தளர்ச்சி தொடங்கிவிட்டது. மந்திரி சபையில் அக்கர்மன் ஓயாது முகமூடிக் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறாரென்று வெளிநாட்டு மந்திரி ஹாமில்ட்டன் பிஷ் தம் தினக் குறிப்பில் சலித்துக்கொண்டார். ரயில்வே கம்பெனிகளுக்கும் அக்கர்மனைப் பிடிக்கவில்லை. கொலம்பியாவில் விசாரணை நடந்து கொண்டிருக்கும் போதே, 1871 டிசம்பரில், கிராண்டு அவரிடம் ராஜினாமா கேட்டு வாங்கினார். காரணத்தை விளங்கச் சொல்லவில்லை. பின் வந்தவர் வழக்குகளை மெல்ல மெல்லக் கைவிட்டார். 1873-ல் மன்னிப்புக்கள் வழங்கப்பட்டன. பகைவருக்கு அது மன்னிப்பாகத் தோன்றவில்லை. சர்க்கார் களைத்துவிட்டதற்கு அறிகுறியாகவே தோன்றிற்று.

அவ்வருஷம் ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, லூயிஸியானாவிலே கோல்பாக்ஸ் என்னுமிடத்தில், நியாயஸ்தலக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பு மக்களை வெள்ளையர் கூட்டம் தாக்கி, சரணடைந்தவர்களையுங்கூடச் சுட்டுக் கொன்றது. இறந்தோர் அறுபதுக்குக் குறையாரென்பர், நூற்றைம்பதென்போரும் உளர். இப்பொழுது முகமூடியுமில்லை. 1874 செப்டம்பரில் வெள்ளையர் சங்கமென்னும் படை நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களிற் பட்டப்பகலில் போர் புரிந்து மாகாண ஆட்சியையே கைப்பற்றியது. கிராண்டு ஐந்து நாள் தவணை கொடுத்துப் பிரகடனஞ் செய்து, படையும் கப்பலும் அனுப்பவே, அவர்கள் விலகினர். கோல்பாக்ஸ் கொலைகாரர்கள் தண்டனையின்றித் திரிவதைப் பற்றி 1875 ஜனவரியில் செனட் சபைக்கு அவர் விடுத்த செய்தி, அவர் எழுதியவற்றுள் மிக்க கடுமையானது. அக் கொலையைக் கண்டு பதறாதவர்கள், மாகாண சட்டசபையிற் சிப்பாய்கள் புகுந்ததைக் கண்டு பதறுவதேன் என்னும் பொருள்படக் கேட்டிருந்தார். கேட்டவர் செவி அடைத்திருந்தது. 1873-ல் பாங்கிகள் விழுந்து வேலையில்லாத் திண்டாட்டம் பரவியிருந்தது. அவர் ஆட்சியிலிருந்தோர் பலர் லஞ்ச வழக்குகளில் அகப்பட்டிருந்தனர். தென்னாட்டுச் செய்தி வட நாட்டாருக்கு அலுத்துப் போயிற்று.

மிஸிஸிப்பியில் நிகழ்ந்ததே இச் சரித்திரத்தில் நெஞ்சை உறுத்துவது. 1875 செப்டம்பரில் கவர்னர் அடெல்பர்ட் ஏம்ஸ், தேர்தலுக்கு முன் கறுப்பு மக்கள் கொல்லப்படுகிறார்களென்றும் படை வேண்டுமென்றும் தந்தி கொடுத்தார். கிராண்டு அப்பொழுது கடற்கரையிலுள்ள கோடைக்கால மாளிகையில் இருந்தார். வருஷந்தோறும் வரும் இக் கலகங்களால் பொது ஜனங்கள் சலித்துவிட்டனரென்றும், ஆயினும் பிரகடனம் செய்ய நேர்ந்தால் சேனைத் தலைவனுக்குக் கண்டிப்பான கட்டளையிடுவதாகவும் இரு மனதாய் எழுதினார். நீதி மந்திரி பியர்ப்பாண்டு, சலித்த பாகத்தை மட்டும் ஏம்ஸுக்கு அனுப்பினார். படை வரவில்லை. கறுப்பினத்தவரும் மிஸிஸிப்பியின் காங்கிரஸ் அங்கத்தினருமான ஜான் லிஞ்சு பின்னர் இதன் காரணத்தைக் கேட்டபொழுது, படையை அனுப்பினால் ஒஹையோ தேர்தலில் கட்சி தோற்குமென்று அம் மாகாணத்தார் வந்து சொன்னதற்குத் தாம் இணங்கிவிட்டதாகவும், அது தவறென்று உணர்வதாகவும் கிராண்டு கூறினாரென லிஞ்சு தம் நூலில் எழுதியிருக்கிறார். ஒஹையோவில் கட்சி வென்றது. மிஸிஸிப்பியில் யாஸூ என்னும் ஜில்லாவில் கறுப்பு மக்கள் மிகுதியாயிருந்தும், அவர்கள் கட்சிக்கு விழுந்த வோட்டுக்கள் 7. மறு வருஷம் ஏம்ஸ் பதவி விட்டு விலகினார்.

1876 மார்ச்சில் கோல்பாக்ஸ் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டு, 14-வது திருத்தம் மாகாண சர்க்காரையே கட்டுப்படுத்துமன்றித் தனி மனிதர் செய்யும் கொடுமையைத் தொடாதெனத் தீர்ப்புக் கூறியது. பிடிபட்ட சிலரும் விடுதலையாயினர். அவ்வருஷம் ஜூலையில் தென் கரோலினாவில் ஹாம்பர்க் என்னுமிடத்தில் மீண்டும் கொலை நடந்தது. கிராண்டு அக்டோபரில் அங்கே படையனுப்பினார். மிஸிஸிப்பியிற் செய்த பிழையை மறுபடி செய்ய மனம் வரவில்லை போலும். ஆனால் அவருடைய காலம் முடிந்துவிட்டது. 1877-ல் அடுத்த பிரஸிடெண்டு, தென்னாட்டு ஆட்சி மண்டபங்களைக் காத்த சிப்பாய்களைப் பாசறைக்குத் திருப்பிவிட்டார். கறுப்பு மக்கள் மறுபடி அச்சமின்றி வோட்டுப் போட 1965-ம் வருஷத்துச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

பதவி நீங்கியபின் கிராண்டு மனைவியாருடன் உலகத்தைச் சுற்றினார். 1879-ல் பம்பாயில் இறங்கி, ஆக்ராவும் டில்லியும் பார்த்துக் கல்கத்தா வழியாகக் கீழ்த்திசை சென்றார். 1884-ல் ஒரு மோசக்காரன் வசம் பணத்தை ஒப்புவித்து எல்லாவற்றையும் இழந்தார். அதே ஆண்டில் தொண்டையில் புற்றுநோய் கண்டது. மனைவி மக்களுக்கு ஏதேனும் மிஞ்ச வேண்டுமேயென்று, பேசவும் விழுங்கவும் இயலாத நிலையில், நாற்காலியிற் சாய்ந்தபடி தம் சரித்திரத்தை எழுதினார். முடித்த சில தினங்களில், 1885 ஜூலை 23-ல், உயிர் நீத்தார். மார்க் ட்வெயின் என்னும் பிரசித்தி பெற்ற எழுத்தாளரின் கம்பெனி அதனை வெளியிட்டுக் குடும்பத்துக்குப் பெருந்தொகை அளித்தது. போரிலே அவரோடு எதிர்த்து நின்ற ஜோஸப் ஜான்ஸ்டனும், டானல்ஸன் கோட்டையில் அவரிடம் சரணடைந்த ஸைமன் பக்னரும் சவ ஊர்வலத்தில் மரியாதைத் துணைவராய் நடந்தனர். அந்நூல் இரண்டு பாகம். பெரும்பாலும் யுத்த விஷயமே. 1862-ம் வருஷத்து யூதர் கட்டளையைப் பற்றி அதில் ஒரு வரியுமில்லை. முகமூடிக் கூட்டத்தைப் பற்றியும், மிஸிஸிப்பிக் கலகத்தைப் பற்றியும் ஒன்றும் எழுதினாரில்லை; தாம் ஆண்ட எட்டு வருஷத்தைப் பற்றி எழுதியதும் மிகச் சிறிதே.

அவர் 1871 ஏப்ரலிற் கையொப்பமிட்ட சட்டத்தில் அழியாது நின்ற பிரிவுகளுள் ஒன்று குறிப்பிடத் தக்கது. சர்க்கார் உத்தியோகஸ்தன் தன் அதிகாரத்தைக் கொண்டு பிறர் உரிமையைப் பறித்தால், பறிகொடுத்தவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாமென்பது அப் பிரிவு. ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் பெரும்பாலும் தூங்கிக் கிடந்த அது, 1961-ல் ஸுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பொன்றால் விழித்தெழுந்தது. போலீசாரின் கொடுமைக்கு எதிராக இன்று அந் நாட்டு நியாயஸ்தலங்களில் தொடுக்கப்படும் வழக்குகள் பெரும்பாலும் அப் பிரிவின் கீழ்த்தான் வருகின்றன.